மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரினும் பாசியெண்ணெயில் ஓடப்போகும் மஸ்டாவும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் கொஞ்ச நேரம் நின்று பலாலி வீதியால் போகிற கார்களைப் பார்த்தால் கண்ணில் படுவது பெரும்பாலும் ஜப்பான்தான். விட்ஸ், அக்வா, அக்சியோ, வகன் ஆர், வெசல். மரக்கறி மூட்டை இறக்குகிற வாகனங்களுக்கும் பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளின் சைக்கிள்களுக்கும் நடுவால் இவை மெல்ல நெளிந்து போகும். இவற்றில் ஒன்றையும் வேகக் கார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அதே வீதியால் போகிற பெடியன்களைக் கேட்டால் ரொயோட்டா அடுத்து எதை விடப்போகிறது, மஸ்டா மறுபடியும் ரோட்டரி எஞ்சின் வேகக் கார் கட்டுமா, நிசான் ஜிரிஆருக்குப் பிறகு என்ன என்று விரல் நுனியில் வைத்திருப்பார்கள். அந்த எதிர்பார்ப்பில் எனக்கும் பங்குண்டு. குதிரைவலுக் கணக்கைவிட, அந்தக் கார்களின் வயிற்றுக்குள் என்ன எரியப்போகிறது என்பதே என்னை ஈர்க்கிறது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல.

விட்ஸிலிருந்து தொடங்கலாம். ரொயோட்டா 2020இல் ஜப்பானிலும் விட்ஸ் என்ற பெயரை விட்டுவிட்டு யாரிஸ் என்று வைத்தது. அதே ஆண்டில் அந்தப் பெயரோடு இன்னொரு காரும் இறங்கியது: உலக ரலிப் போட்டிக்கான அனுபவத்தில் கட்டிய ஜிஆர் யாரிஸ். அதன் எஞ்சின் 1618 கன சென்ரிமீற்றர், மூன்று சிலிண்டர். எங்கள் வீதிகளில் ஓடுகிற ஆயிரம் சிசி விட்ஸுக்கும் மூன்று சிலிண்டர்தான். விட்ஸ் தருவது ஏறத்தாழ 70 குதிரைவலு. 2024இல் திருத்தி வெளியிட்ட ஜிஆர் யாரிஸ் தருவது 304. கொள்ளளவால் வகுத்துப் பார்த்தால், லீற்றருக்கு 70 எங்கே, 188 எங்கே! அதே எண்ணிக்கைச் சிலிண்டரில், லீற்றருக்கு இரண்டரை மடங்குக்கு மேல் சக்தி எங்கிருந்து வருகிறது?

காற்றிலிருந்து வருகிறது. ஒரு கிராம் பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெற்றோலை எவ்வளவு வேண்டுமானாலும் தெளிக்கலாம்; அதற்கு ஈடான காற்றைச் சிலிண்டருக்குள் கொண்டுவருவதுதான் பாடு. விட்ஸின் எஞ்சின் தானாக மூச்சிழுக்கிறது, வெளியே உள்ள வளியமுக்கம் தள்ளுகிற அளவுதான் உள்ளே போகும். ஜிஆர் யாரிஸில் டர்போ இருக்கிறது. வெளியேறுகிற புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அள்ளி அமுக்கி உள்ளே தள்ளும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்கிற சக்கரம் அது. வீணாகப் போகவிருந்த புகையின் வலுவே எஞ்சினுக்கு மூச்சூட்டுகிறது.

காற்றை அமுக்கினால் அது சூடாகும். சூடான காற்று விரிந்துவிடும், ஒரே இடத்தில் ஒட்சிசன் குறைந்துவிடும். 5 பாகைக் குளிரில் இருக்கிற காற்றோடு ஒப்பிட்டால் எங்கள் சித்திரை மாதத்து 35 பாகைக் காற்றில் அதே கன அளவில் ஏறத்தாழ பத்து வீதம் குறைவாகவே ஒட்சிசன் உண்டு. அதனால்தான் டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையில் இன்ரர்கூலர் என்ற குளிர்விப்பான் நிற்கிறது. ஜப்பானிய மலைப்பாதையில் ஓடவென்று கட்டிய கார் இங்கே வந்தால் முதலில் மூச்சு வாங்குவது அந்த இடத்தில்தான்.

வெப்பத்தால் இதைவிடப் பெரிய ஆபத்து சிலிண்டருக்குள் இருக்கிறது. பிளக்கில் பொறி விழுந்ததும் தீ அங்கிருந்து புறப்பட்டு அறை முழுவதும் ஒழுங்காகப் பரவவேண்டும். அது போய்ச் சேருமுன்பே மறுமூலையில் இருக்கிற கலவை அமுக்கமும் சூடும் தாங்காமல் தானாக வெடித்துவிட்டால், அதிர்வலை பிஸ்டனின் தலையில் மோதும். வெளியே கேட்பது 'டிக் டிக்' என்ற உலோகச் சத்தம். கராஜில் அதை நொக்கிங் என்பார்கள். விட்டுவைத்தால் பிஸ்டன் உடையும். எரிபொருள் நிலையத்தில் ஒக்டேன் 92, 95 என்று எழுதியிருப்பது, இப்படித் தானாக வெடிப்பதை அந்தப் பெற்றோல் எவ்வளவு தூரம் எதிர்த்து நிற்கும் என்பதற்கான அளவு. எண் கூடினால் அதிகம் எரியும், அதிக வலு கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எண் கூடினால் அது அதிகப் பொறுமையுள்ள எரிபொருள், அவ்வளவுதான். அந்தப் பொறுமையை வைத்துத்தான் எஞ்சின் வடிவமைப்பவர் கூடுதலாக அமுக்கத் துணிகிறார். விட்ஸுக்கு 95 ஊற்றிப் பெரிய பயனில்லை. ஜிஆர் யாரிஸுக்கோ உயர் ஒக்டேன் கட்டாயம்.

ஒக்டேன் என்ற சொல்லைக் கேட்காமலே அந்த அறிவியலைக் கையால் கற்றுக்கொண்ட காலம் ஒன்று இங்கே இருந்தது. 1990 யூனில் போர் மறுபடியும் மூண்டபோது பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. மின்சாரமும் போனது. களவாக வந்த பெற்றோல் போத்தல் கணக்கில், வாய்விட்டுச் சொல்ல முடியாத விலைக்கு விற்றது. பங்கீட்டில் கிடைத்தது கொஞ்சம் மண்ணெண்ணெய். அதைக்கொண்டு ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் ஓட்டினார்கள். நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோன வாடகைக் கார் மண்ணெண்ணெய்ப் புகை கக்கிக்கொண்டுதான் போனது.

அதன் வழிமுறையைக் கிட்ட நின்று பார்க்கவேண்டும். ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல். காபரேற்றர் வாயில் அதைச் சிறிது பீய்ச்சி எஞ்சினைக் கிளப்புவார்கள். எஞ்சின் பிடித்துச் சூடேறும்வரை அந்தச் சில துளிகள்தான் தாங்கவேண்டும். அதற்குள் மண்ணெண்ணெய் பற்றிக்கொள்ளும். நடுவழியில் நின்று ஆறிவிட்டால் மறுபடியும் போத்தல். இது வானத்திலிருந்து விழுந்த யோசனை அல்ல. திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய்ச் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் இறைத்த மண்ணெண்ணெய் மெசின்கள் அதற்கு முன்பே இப்படித்தான் ஓடின: பெற்றோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிடுவது. தோட்டக்காரரின் கைப்பழக்கம் காருக்குள் ஏறியது. இங்கிலாந்தில் உலகப் போருக்குப் பிந்திய பெர்குசன் ட்ரக்டர்களில் ஒரு வகையையும் இதே முறைக்கென்றே கட்டியிருந்தார்கள்.

காரணம் கொதிநிலையில் இருக்கிறது. பெற்றோலின் இலேசான கூறுகள் எங்கள் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 பாகைக்கு மேல்தான் கொதிக்கத் தொடங்கும். எஞ்சினுக்குள் எரிவது திரவமல்ல, ஆவிதான். ஆறிய சிலிண்டரில் மண்ணெண்ணெய் துளித்துளியாகவே சுவரில் படியும், பொறி விழுந்தாலும் பற்றாது. சூடேறிய எஞ்சினில் ஆவியாகி எரியும். எரியாமல் தப்பிய துளிகள் றிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். அதனால் தேய்மானம் கூடியது, அடிக்கடி எஞ்சின் இறக்கவேண்டி வந்தது. ஒக்டேனும் மண்ணெண்ணெய்க்கு மிகக் குறைவு. ஒஸ்ரினும் மொரிஸும் அதைத் தாங்கியதற்குக் காரணம், போருக்குப் பிந்திய மட்டமான பெற்றோலுக்கென்று குறைந்த அமுக்க விகிதத்தோடு அவற்றைக் கட்டியிருந்ததுதான். கலவையை ஏழு மடங்கு அளவுக்குத்தான் அவை அமுக்கும். இன்றைய விட்ஸில் அது பத்துக்கும் மேல். பழைய காரில் நொக்கிங் கேட்டால் மெக்கானிக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு டிஸ்ரிபியூற்றரைக் கையால் சற்றே திருப்பி, பொறி விழும் நேரத்தைப் பிந்தவைப்பார். இன்றைய வேகக் காரில் நொக்கிங்கைக் கேட்க எஞ்சின் உடம்பிலேயே ஒரு உணரி இருக்கிறது, திருப்புகிற வேலையைக் கணினி கண்ணிமைக்கும் முன் செய்கிறது. செய்கிற வேலை ஒன்றே.

யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் அன்று நடந்தது எரிபொருள் ஆராய்ச்சி என்றே நான் சொல்வேன். அதைச் செய்தவர்களின் பெயர் எந்த அறிவியல் சஞ்சிகையிலும் வரவில்லை. ஆனால் எஞ்சின் ஒரு எரிபொருளுக்கு மட்டும் தாலி கட்டியதல்ல, ஆவியாதல், அமுக்கம், பொறியின் நேரம் மூன்றையும் கைக்குள் வைத்திருந்தால் வேறொன்றிலும் ஓடும் என்று அவர்கள் தினமும் நிறுவினார்கள். 2022இல் நாடு முழுவதும் கியூஆர் குறியோடு எரிபொருள் வரிசையில் நின்றபோது அந்த ஞாபகம் இங்கே பலருக்கு வந்திருக்கும்.

இப்போது ஜப்பானியர் கேட்பதும் இதே கேள்வி. அவர்களைத் தள்ளுவது பொருளாதாரத் தடை அல்ல, காபனீரொட்சைட்டு. நிலத்தடி எண்ணெய் இல்லாமல் எஞ்சினை வாழவைக்க முடியுமா? ரொயோட்டா 2021 மே மாதத்தில் பியூஜி 24 மணிநேரப் பந்தயத்தில் ஒரு கொரோலாவை ஐதரசனை எரித்து ஓடவிட்டது. அதற்குள் இருந்தது ஜிஆர் யாரிஸின் அதே மூன்று சிலிண்டர் எஞ்சின்தான். நிறுவனத்தின் அப்போதைய தலைவர் அகியோ ரொயோடாவே மொறிசோ என்ற பெயரில் அதை ஓட்டினார்.

ஐதரசன் எரிந்தால் வருவது நீராவி. ஆனால் அது மண்ணெண்ணெய்க்கு நேர் எதிரான முரண்டுக்காரன். மண்ணெண்ணெய் பற்றமாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஐதரசன் சொல்லுமுன் பற்றிவிடும். பெற்றோல் ஆவியைப் பற்றவைக்கத் தேவையான ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு அளவே அதற்குப் போதும். காற்றில் 4 வீதம் கலந்திருந்தாலும் எரியும், 75 வீதம் இருந்தாலும் எரியும். சிலிண்டருக்குள் எங்காவது சூடான ஒரு முனை இருந்தால் பொறி விழுமுன்பே தீப்பிடித்துவிடும். அதோடு அதைச் சேமிப்பதும் பாடு: 2023இல் அதே காரைத் திரவ ஐதரசனில் ஓட்டியபோது அதை மைனஸ் 253 பாகையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் குளிரில் ஓடுகிற பம்புக்கு ஒயில் போடவும் முடியாது, ஒயில் எரிபொருளில் கலந்துவிடும். பந்தய நடுவில் பம்பை மாற்றித்தான் ஓடி முடித்தார்கள். வெற்றி தோல்வியைவிட இந்தப் பம்புச் செய்தியை நான் ஆவலோடு வாசித்தேன்.

வரிசையில் நிற்கிற மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரொயோட்டா 2025 டிசம்பரில் ஜிஆர் ஜிரியைக் காட்டியது: நான்கு லீற்றர் வீ-8, இரட்டை டர்போ, கூடவே மின்மோட்டார், அலுமினியச் சட்டகம், 2027 அளவில் விற்பனைக்கு என்கிறார்கள். எஞ்சினை நடுவில் வைத்த யாரிஸ் ஒன்றை 2025 ஜனவரியில் காட்டினார்கள். பாரத்தை நடுவில் குவித்தால் கார் திரும்பும்போது குறைந்த முயற்சியில் சுழலும், அதுதான் அதன் பயன். செலிக்கா திரும்புகிறது என்று நிறுவனத்தின் மேலாளர்களே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். நிசான் ஜிரிஆர் ஆர்35 பதினெட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 48,000 கார்களோடு 2025 ஓகஸ்ட்டில் முடிந்துபோனது. அதற்கு முன்பே 2023இல் நிசான் காட்டிய ஹைப்பர் போர்ஸ் மாதிரியில் 1000 கிலோவாற்று என்று எழுதினார்கள். அந்த எண் என்னைப் பெரிதாக அசைக்கவில்லை. அதன் பற்றரிதான் முக்கியம்: எரியக்கூடிய திரவ மின்பகுபொருளுக்குப் பதிலாகத் திண்மம். அது தொழிற்சாலையிலிருந்து நம்பகமாக வெளியே வந்தால் வேகக் காருக்கு மட்டுமல்ல, முச்சக்கரவண்டிக்கும் நல்லது.

ஹொண்டாவின் புதிய பிரெலூட் 2025 செப்ரெம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்துவிட்டது. அதன் ஹைபிரிட் அமைப்பும் புதிய வெசலில் இருப்பதும் ஒரே குடும்பம்: எஞ்சின் பெரும்பாலும் மின்பிறப்பாக்கியைச் சுற்றும், சில்லைச் சுற்றுவது மோட்டார், நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் எஞ்சின் நேரடியாகச் சில்லோடு பூட்டிக்கொள்ளும். வழக்கமான கியர்ப்பெட்டி அதில் இல்லை. ஆனால் கியர் மாறுகிற உணர்வு வேண்டும் என்று ஓட்டுபவர்கள் ஏங்குவதால், எஞ்சினின் சுழற்சியையும் சத்தத்தையும் கட்டுப்படுத்தி, இல்லாத கியர் மாறுவதுபோலச் செய்கிறார்கள். இதைப் போலி என்று சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேகத்தைக் கண்ணைவிடக் காதும் இடுப்பும்தான் முதலில் அறியும். அந்தத் தகவலை ஓட்டுபவருக்குத் திருப்பிக் கொடுப்பது நேர்மையான பொறியியல் வேலைதான்.

நான் உண்மையாகக் காத்திருப்பது மஸ்டாவுக்கு.

ஹிரோஷிமாவில் இருக்கிற மஸ்டா, ஜேர்மன் நிறுவனமான என்எஸ்யூவிடம் 1961இல் ரோட்டரி எஞ்சின் உரிமத்தை வாங்கியது. பீலிக்ஸ் வாங்கெல் கண்டுபிடித்த அந்த எஞ்சினில் மேலும் கீழும் போகிற பிஸ்டன் இல்லை. பக்கங்கள் சற்று வளைந்த முக்கோணம் ஒன்று, இடை சிறுத்த முட்டை வடிவக் கூட்டுக்குள், ஆட்டுக்கல்லுக்குள் குழவி ஓரத்தைத் தொட்டபடி சுழல்வதைப் போல விலகிய மையத்தில் சுழலும். அதன் மூன்று முனைகளும் கூட்டின் சுவரைவிட்டு ஒருபோதும் பிரியாது. முனைக்கும் முனைக்கும் இடையிலான இடைவெளி சுழலச் சுழலப் பெருத்தும் சிறுத்தும் மாறும். அதே அசைவில் ஒருபக்கம் காற்றை இழுக்கிறது, இன்னொருபக்கம் அமுக்குகிறது, மற்றப் பக்கம் எரிகிறது. வால்வு இல்லை, போய்த் திரும்புகிற பாரம் இல்லை. அதனால் அதிர்வு குறைவு, சின்ன உடம்பில் பெரிய வலு.

மூன்று முனைகளிலும் உள்ள சீல்தான் அதன் உயிர்நிலை. கென்இச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 பொறியியலாளர்கள் அதோடு மல்லுக்கட்டினார்கள். ஓடவிட்ட எஞ்சினைத் திறந்து பார்த்தால் கூட்டின் உட்சுவரில் அலையலையாகக் கீறல்கள். பேயின் நகக்கீறல் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். சீல் சுவரில் வழுக்கும்போது தன் இயல்பான அதிர்வெண்ணில் துடித்துக் குதித்துக் குதித்து வெட்டியதுதான் காரணம். அதிர்வெண்ணை மாற்றினால் துடிப்பும் மாறும் என்று சீலுக்குள் துளையிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் அலுமினியம் ஊட்டிய காபன் சீல் வந்தது. 1967இல் கொஸ்மோ ஸ்போர்ட் வீதிக்கு இறங்கியது. 1991இல் நான்கு ரோட்டர் கொண்ட 787பி, லெமான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று அங்கே பெற்ற முதல் வெற்றி அது.

அப்படியிருந்தும் ஆர்எக்ஸ்-8 உற்பத்தி 2012இல் நின்றதற்குக் காரணமும் அதே வடிவத்தில் இருக்கிறது. எரியும் அறை நீண்டு மெலிந்தது. கன அளவோடு பார்க்கச் சுவர்ப்பரப்பு அதிகம். சுவரோரம் போகிற தீ குளிர்ந்து அணைய, கொஞ்சம் பெற்றோல் எரியாமலே வெளியேறும். எரிபொருள் செலவும் புகையும் அதனால்தான். ஆனால் அதே வடிவம் ஐதரசனுக்கு வாய்ப்பாகிறது: காற்றை இழுக்கிற பக்கமும் எரிகிற பக்கமும் கூட்டின் வெவ்வேறு இடங்களில் இருப்பதால், உள்ளே வருகிற ஐதரசன் சூடான இடத்தைத் தொட்டு முன்கூட்டியே பற்றுவது குறைவு. 2006இலேயே மஸ்டா ஐதரசனிலும் பெற்றோலிலும் ஓடுகிற ஆர்எக்ஸ்-8ஐக் குத்தகைக்கு விட்டிருந்தது.

2023இல் மஸ்டா அந்த எஞ்சினை வேறொரு வேலைக்குத் திருப்பியது. எம்எக்ஸ்-30இல் 830 கன சென்ரிமீற்றர் கொண்ட ஒற்றை ரோட்டர், சில்லைத் தொடுவதே இல்லை; பற்றரிக்கு மின் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. சீரான சுழற்சியில் ஓடவிட்டால் அதன் பலவீனம் குறைகிறது. அதே ஆண்டில் ஐகொனிக் எஸ்பி என்ற சிவப்பு மாதிரியைக் காட்டினார்கள்: இரண்டு ரோட்டர், 370 குதிரைவலு, 1450 கிலோ எடை. 2025 ரோக்கியோ கண்காட்சியில் விஷன் எக்ஸ்-கூப்பே வந்தது: டர்போவோடு இரட்டை ரோட்டர், மின்மோட்டார், சேர்ந்து 510 குதிரைவலு, பற்றரியில் மட்டும் 160 கி.மீ., எல்லாம் சேர்த்து 800 கி.மீ. என்று அறிவித்தார்கள். எரிபொருளாக அவர்கள் சொன்னது நுண்பாசியிலிருந்து எடுக்கிற எண்ணெய்.

பாசி வளரும்போது வளியிலிருந்து காபனீரொட்சைட்டை இழுக்கும். அதன் எண்ணெயை எரித்தால் இழுத்ததே திரும்பி வெளியே போகும், கணக்கு ஏறத்தாழச் சமன். புகைக்குழாயிலேயே ஒரு பகுதியைப் பிடித்து வைத்துவிட்டால், கார் ஓட ஓட வளியில் காபனீரொட்சைட்டு குறையும் என்பது மஸ்டாவின் வாதம். வாதம் சரியானது. ஆனால் ஒரு தாங்கியை நிரப்புகிற எண்ணெய்க்கு எத்தனை குளம் பாசி, அதைப் பிரித்தெடுக்க எவ்வளவு ஆற்றல் என்ற கேள்விகள் பெரியவை. சூரிய மின்சாரத்தை நேரே பற்றரிக்குள் ஏற்றுவதுதான் எப்போதும் குறைந்த இழப்புள்ள வழி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியல் துறையில் சூரியக் கலங்களை ஆராய்கிறவர்களைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். பாசியெண்ணெய்க்கு நியாயம் வேறிடத்தில் இருக்கிறது: ஏற்கெனவே உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கிற கோடிக்கணக்கான எஞ்சின்களை ஒரே நாளில் தூக்கி எறிய முடியாது. பலாலி வீதியில் போகிற விட்ஸும் அவற்றில் ஒன்று. வேகக் காரில் தேறிய எண்ணெய் அதற்கும் பொருந்தும்.

இங்கே அந்த மஸ்டா எப்போதாவது இறங்குமா? 2020இல் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி தொடங்கியது. வரி பெற்றோல் காருக்குக் கன சென்ரிமீற்றர் கணக்கிலும் மின்காருக்குக் கிலோவாற்றுக் கணக்கிலும் ஏறுகிறது. ரோட்டரியின் கொள்ளளவு எண் எப்போதும் சின்னதாகவே தெரியும் என்பதால், ஜப்பானில் வீதி வரிக்கு அதை ஒன்றரையால் பெருக்குகிறார்கள். இங்கே அதை எப்படி எண்ணுவார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது விடை.

2024 பெப்ரவரியில் மஸ்டா தன் ரோட்டரி ஆராய்ச்சிப் பிரிவை 36 பொறியியலாளர்களோடு மறுபடியும் கூட்டியது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குள் இரட்டை ரோட்டரை அடக்குவதுதான் அவர்களுக்கு முன்னால் இருக்கிற வேலை. அறையின் வடிவத்தால் எரியாமல் தப்பும் அந்தக் கொஞ்ச எரிபொருளை எப்படிப் பிடிக்கிறார்கள் என்ற செய்தி வருகிற நாளில், 510 என்ற எண்ணைத் தாண்டிப்போய் நான் முதலில் வாசிக்கப்போவது அதைத்தான்.